பக்கத்து வீட்டுக்காரி

மார்ச் 3

என் வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் “நல்லா இருக்கேன்” என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதே. நாலாவது மாதம். வாந்தி நின்றதா, கால் வீங்குகிறதா, இரும்பு மாத்திரையை விழுங்குகிறாயா இல்லை ஜன்னல் வழியாக எறிகிறாயா, எல்லாவற்றையும் வரிசையாக எழுது. சின்ன வயதில் மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்துவைத்து வாயைத் திறந்து காட்டியவள் நீ.

உன் போன் இன்னும் சரியாகவில்லையா? ஊர் ஊராகப் போய் ஸ்கேன் மெஷினைப் பிரித்து மாட்டுகிற மாப்பிள்ளைக்கு ஒரு போனைச் சரிசெய்ய மூன்று மாதமா? அவருடைய போனில் கூப்பிட்டால் “தூங்கறா”, “குளிக்கறா” என்கிறார். நாள் முழுக்கத் தூங்கிக் குளிக்கிற பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன். சரி, கடிதமும் நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் புகுந்து பேச முடியாது, நான் சொல்வதை நீ முழுசாகக் கேட்டாக வேண்டும்.

எங்கள் பிரசவ மருத்துவமனைக்குப் புது உத்தரவு வந்திருக்கிறது. பரிசோதனைக்கு வருகிற ஒவ்வொரு கர்ப்பிணியையும் தனியாக உட்காரவைத்து, வீட்டில் அடி உதை உண்டா என்று கேட்க வேண்டும். ஆறு கேள்விகள். பயிற்சி கொடுக்க ஒரு அம்மா வந்து இரண்டு நாள் வகுப்பெடுத்தார். முடிவில் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். கேள்வி கேட்பது பெரிய காரியமில்லை, கூட வருகிற புருஷனைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. நேற்று ஒருவர், “நான் இருந்தா என்ன மேடம், எங்களுக்குள்ள ரகசியமே கிடையாது” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் ரத்த அழுத்தக் கருவியின் பட்டையை என் கையிலேயே சுற்றிக்கொண்டேன்.

உன் விஷயத்தில் எனக்கு அந்தக் கவலை இல்லை. எங்கள் ஸ்கேன் அறையில் இரண்டு நாள் வேலை செய்தும் ஒரு நர்ஸிடம்கூடக் குரலை உயர்த்தாத மனிதர் என்று பார்த்துத்தானே உனக்குக் கேட்டேன். ஆயிரம் குடும்பத்தைப் பார்த்தவளுக்கு ஒரு ஆளை எடை போடத் தெரியாதா?

மாப்பிள்ளையையும் விசாரித்ததாகச் சொல். உடனே பதில் போடு.

உன் அக்கா

&nbsp;

மார்ச் 21

பெரிய ஆபீசருக்கு,

வாலு எழுதுவது. நீயும் அத்தானும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். உத்தரவுப்படி வரிசையாக: வாந்தி நின்றது. கால் வீங்கவில்லை. மாத்திரை உள்ளே போகிறது, ஜன்னல் திறப்பதில்லை.

உன் கடிதத்தை அவர்தான் பிரித்து எனக்கு வாசித்துக் காட்டினார். “உங்க அக்கா எழுத்தைப் படிக்க மருந்துக்கடைக்காரனைத்தான் கூப்பிடணும்” என்று சிரித்தார். போனைப் பற்றி எழுதியிருந்ததையும் வாசித்தார். உள்ளே போடுகிற ஏதோ சாமான் கிடைக்கவில்லையாம். அதனால் அதைப் பற்றி இனிமேல் எழுத வேண்டாம் அக்கா.

வீடு அமைதியான இடம். ஒரு பக்கம் குடோன், மறுபக்கம் காலி மனை, எதிரில் நீள மதில் சுவர். ஈ காக்கை கிடையாது. குடோனின் இரும்புக் கதவு காலையில் ஒருமுறை திறக்கும், சாயங்காலம் ஒருமுறை மூடும். எனக்கு அதுதான் கடிகாரம்.

மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை பரிசோதனை. இங்கேயுள்ள பெரிய மருத்துவமனைக்குத்தான் போகிறேன். ஒவ்வொரு தடவையும் அவரும் கூடவே வருகிறார். பையை அவர்தான் பிடித்துக்கொள்கிறார். டாக்டர் என்னைக் கேட்பதற்கெல்லாம் அவரே பதில் சொல்லிவிடுகிறார். “குடுத்து வச்சவம்மா நீ” என்று அங்கே ஒரு நர்ஸ் சொன்னார். நான் சிரித்துவைத்தேன்.

நீ கேள்வி கேட்கிற பெண்கள் என்ன பதில் சொல்கிறார்கள்? கூட வருகிற ஆளை எப்படி வெளியே அனுப்புகிறீர்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான். பொழுது போகவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம்.

வாலு

&nbsp;

ஏப்ரல் 2

என் வாலுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமென்று எழுதியதை நம்பிவிட்டேன். ஜன்னலைத் திறந்து வை, வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் காற்று வேண்டும்.

ஆளை எப்படி அனுப்புகிறோம் என்று கேட்டாயே. சிறுநீர் பரிசோதனை என்று ஒரு குப்பியைப் பெண்ணின் கையில் கொடுத்துவிடுவேன். பெண்கள் கழிப்பறைக்குள் எந்த மகாராஜாவும் வர முடியாது. நான் பின்னாலேயே போய்விடுவேன். என் மூளையை மெச்சிக்கொள்.

ஆனால் பிரயோஜனம்தான் இல்லை. ஒரு மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு பெண்களைக் கேட்டேன். நூற்றுப் பன்னிரண்டும் “இல்லை”. ஒருத்தி கையில் நாலு விரல் பதிந்த நீலம். “வாசப்படியில இடிச்சுக்கிட்டேன்” என்கிறாள். வாசல்படிக்கு விரல் எப்போது முளைத்தது? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. கேட்பதற்கு ஆள் வந்தும் இந்தப் பெண்கள் ஏன் வாயைத் திறப்பதில்லை? பேசினால்தானே உதவ முடியும்!

கேள்விகளில்தான் ஏதோ கோளாறு என்று படுகிறது. தாளை இதோடு வைத்திருக்கிறேன். நீயும் வயிற்றுப் பிள்ளைக்காரி, எனக்குத் தெரிந்த கர்ப்பிணிகளில் மனசில் பட்டதைப் பட்டென்று சொல்பவள் நீ ஒருத்திதான். படித்துவிட்டு எந்தக் கேள்வி எங்கே இடறுகிறது என்று எழுது. இந்தத் தாள் அறையைத் தாண்டக் கூடாது, எந்தப் பெண்ணின் கையிலும் வீட்டுக்குப் போகக் கூடாது என்றுதான் பயிற்சி கொடுத்த அம்மா வகுப்பை ஆரம்பித்ததே. அது நோயாளிகளுக்கு. நீ என் தங்கை, உன் வீட்டுக்கு வருவதில் என்ன வந்துவிடப் போகிறது?

அத்தான் விசாரித்தார்.

உன் அக்கா

&nbsp;

ஏப்ரல் 28

அக்கா,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் அப்படியே. அவர் வேலையாக வெளியூர் போய் இரண்டு நாள் ஆகிறது, இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். இங்கே குடோனுக்கு வருகிற தபால்காரரிடம் ஜன்னல் இடுக்கு வழியாகக் கொடுத்தனுப்புவேன். உன் கடிதமும் தாமதமாக, அவர் கிளம்பிப் போனபிறகு அப்படித்தான் என் கைக்கு வந்தது.

உன் கேள்விகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி இருக்கிறாள், அவளும் மாசமாகத்தான் இருக்கிறாள். அவளிடம் காட்டினேன். அவள் சொன்னதை எழுதுகிறேன்.

“உடல்ரீதியான துன்புறுத்தலுக்கு ஆளாகியிருக்கிறீர்களா” என்று முதல் கேள்வி. அதைக் கேட்டால் கோர்ட்டில் நிற்பதுபோல இருக்கிறதாம். யாரும் இல்லை என்றுதான் சொல்வார்களாம்.

“கணவர் அடிப்பாரா” என்று கேட்டாலும் இல்லைதான். ஏனென்றால் தள்ளுவது அடி இல்லை. முடியைப் பிடித்து இழுப்பது அடி இல்லை. சாப்பிடும்போது தட்டைத் தூக்கிக்கொண்டு போவது அடி இல்லை. வெளியே பூட்டிவிட்டுப் போவதற்குப் பெயரே கிடையாது. இவ்வளவும் நடந்தபிறகும் அவள் உண்மையாகவே இல்லை என்று சொல்வாள், பொய் சொல்கிறோம் என்றுகூட அவளுக்குத் தோன்றாது.

அதற்குப் பதிலாக, “அவர் வர்ற சத்தம் கேட்டா நீங்க என்ன செய்வீங்க” என்று கேட்கலாமாம். “உங்க போன் யார்கிட்ட இருக்கு” என்று கேட்கலாமாம். “பாப்பா உண்டானதுக்கு அப்புறம் அவர் மாறியிருக்காரா” என்று கேட்கலாமாம். சில பேருக்கு அதற்குப் பிறகுதான் அதிகமாகிறதாம். கேட்கும்போது பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டுமாம். கேட்டு முடித்ததும் அடுத்த கேள்விக்கு ஓடாமல் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டுமாம். நீ சும்மா இருக்க மாட்டாய் என்று நான் சொன்னேன், இரண்டு பேரும் சிரித்தோம்.

இதைப் பற்றித் திருப்பி எழுதாதே அக்கா. அவள் பாவம், அவள் பெயர் கெட்டுவிடும். எனக்கும் இந்தப் பேச்சு அலுத்துவிட்டது. வேறு ஏதாவது எழுது. அத்தானின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று எழுது.

வாலு

&nbsp;

மே 9

என் தங்கமான வாலுக்கு,

சுகம், சுகம், சுகம்! அத்தானின் முட்டி அவரைவிட நன்றாக இருக்கிறது. நீ எழுதாதே என்றாலும் என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை. உன் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு கோயிலே கட்டலாம்.

போன வாரம் அவள் சொன்னபடியே கேட்டேன். பேனாவைக் கீழே வைத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். “அவர் வர்ற சத்தம் கேட்டா என்ன செய்வீங்க” என்றதும் ஒரு பெண், “டீவியை அணைச்சிட்டு எழுந்து நின்னுக்குவேன்” என்றாள். சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டுப் போனாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். இந்த எட்டு நாளில் பதினான்கு பேர் பேசிவிட்டார்கள். பதினான்கு பேர்! பெரிய டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தாளையே மாற்றி எழுதப் போகிறோம்.

வெளியே பூட்டிவிட்டுப் போவதையும், தட்டைத் தூக்கிக்கொண்டு போவதையும் தனிக் கேள்விகளாகவே சேர்த்துவிட்டேன். இதெல்லாம் பட்டவளுக்குத்தான் தெரியும். எனக்கு அந்தப் பெண்ணை நினைத்தால் இருப்புக்கொள்ளவில்லை. அவளுக்கு இப்போது எத்தனை மாதம்? அவள் புருஷன் என்ன வேலை பார்க்கிறான்? அவளை எனக்கு எழுதச் சொல். இல்லையென்றால் நீயே தைரியம் சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துப்போ. பக்கத்திலேயே இருந்துகொண்டு பார்த்துக்கொண்டு சும்மா இருக்காதே.

மாப்பிள்ளையிடம் சொல்லி அவனை இரண்டு தட்டு தட்டச் சொன்னாலும் தப்பில்லை.

உன் அக்கா

&nbsp;

மே 30

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே இருவரும் நலம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அவளுக்குக் கொஞ்ச நாளாகக் கை வலி. எழுத முடியாத நிலை என்பதால் நானே பதில் எழுதுகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்வித்தாளையும் பார்த்தேன். துணிகளுக்கு நடுவில் மடித்துப் பத்திரமாக வைத்திருந்தாள். ஆண்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துவது படித்தவர்களுக்கு அழகில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

ஒரு சிறிய திருத்தம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வீடு எதுவும் கிடையாது. நீங்கள் வந்ததில்லை, அதனால் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கர்ப்பகாலத்தில் சில பெண்களுக்கு இல்லாததெல்லாம் இருப்பதாகத் தோன்றும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி எழுதுவதானால் என் பெயருக்கே எழுதுங்கள். படித்துச் சொல்லிவிடுகிறேன். பிரசவம் முடிந்ததும் நானே தகவல் தருகிறேன். அதுவரை அவளுக்கு ஓய்வு தேவை.

அண்ணனை விசாரித்ததாகச் சொல்லவும்.

&nbsp;

ஜூன் 2

பெரிய மருத்துவமனையின் கர்ப்பிணிப் பிரிவுத் தலைமை நர்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. நானும் உங்களைப்போல ஒரு பிரசவ மருத்துவமனையில் நர்ஸ். சுகம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை உங்களிடம் பரிசோதனைக்கு வருகிறாள். ஏழாவது மாதம். இரண்டாவது வியாழக்கிழமை. கூடவே கணவர் வருவார். பையைப் பிடித்துக்கொண்டிருப்பார், மெதுவாகப் பேசுவார், அவளுக்கு வருகிற கேள்விகளுக்கு அவரே பதில் சொல்வார். பார்த்ததும் உங்களுக்கு அவரைப் பிடித்துப்போகும். எனக்கும் பிடித்தது. நான்தான் கட்டிவைத்தேன்.

வீட்டில் அவளுக்கு நடப்பதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரிக்கு நடப்பதாக எனக்கு எழுதினாள். திருப்பி எழுதாதே என்றும் எழுதினாள். அவள் வீட்டின் இரண்டு பக்கமும் ஆளே கிடையாது என்று அதற்கு முந்தைய கடிதத்திலேயே இருக்கிறது. அதை நான் படித்தேன், ஆனால் மண்டையில் ஏறவில்லை. என் வேலை நன்றாக நடந்த பெருமையில் எல்லாவற்றையும் விவரமாகத் திருப்பி எழுதி, அவர் பிரிக்கிற உறையில் போட்டு அனுப்பினேன். கேள்வித்தாளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று மற்ற நர்ஸ்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான்.

நேற்று பஸ் ஏறினேன். பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டேன். நான் போய் நின்றால் அவர் உபசரிப்பார், அவள் சிரிப்பாள், நான் கிளம்பி வந்தபிறகு அதற்கும் சேர்த்து அவள்தான் அனுபவிப்பாள். இப்போது என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அவளைத் தனியாகப் பார்த்துக் கேளுங்கள். நான் எழுதினேன் என்று சொல்ல வேண்டாம். கேட்டுவிட்டு, என்ன சொன்னாள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒரே ஒரு வரி.

&nbsp;

ஜூன் 17

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் என் கைக்கு வந்தது, வேறு யாரும் பார்க்கவில்லை. இங்கே வேலை வழக்கம்போல. நீங்கள் முதலில் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அவர்கள் வந்தார்கள். கணவருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று கீழ்த்தளத்து வரிசைக்கு அனுப்பினேன். அங்கே எப்போதும் ஒரு மணிநேரம் ஆகும். உங்கள் தங்கையிடம் தனியாகப் பேசினேன்.

அவர் சொன்ன பதில் அவருடையது. அதை உங்களுக்கு எழுத எனக்கு உரிமை இல்லை. உங்களிடம் வருகிற பெண் ஒருத்தியின் அக்கா எழுதிக் கேட்டால் நீங்களும் இதையேதான் சொல்வீர்கள்.

&nbsp;

ஜூலை 8

அக்கா,

வாலுதான். என் கையெழுத்துதான், பார்த்துக்கொள். கை வலி இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை. நானும் வயிற்றில் இருப்பதும் சுகம்.

மேலே முகவரி இல்லையே என்று தேடாதே. இதை வேறொரு ஊரில் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். நான் இருக்கும் அறையில் இன்னும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஜன்னல் திறக்கும்.

பெரிய மருத்துவமனை நர்ஸுக்கு நீ எழுதியிருப்பாய் என்று ஊகித்துவிட்டேன். அவர் என்னிடம் உன் கேள்விகளைக் கேட்கவில்லை, நான் எழுதிக்கொடுத்ததையும் கேட்கவில்லை. எடை பார்க்கும்போது, “இன்னைக்கு வீட்டுக்குப் போகணுமா?” என்றார். வயிறு கனக்கிறதா என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். “வேணாம்” என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ரத்த அழுத்தம் என்று சொல்லிப் படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். நாலு நாள் அவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். வருகிற போகிறவர்களெல்லாம் அவரைப் பாராட்டினார்கள். ஐந்தாம் நாள் துணி வெளுக்கப் போகிற வண்டியில் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

உன் மே மாதக் கடிதம் வந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதப் போவதில்லை. நீ அதைக் கற்பனை பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். சொன்னேன் அக்கா. கல்யாணமான இரண்டாம் மாதம் உன் வீட்டுக்கு வந்தேனே, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். “கோபம் வந்தா கையில கிடைச்சதை எறியறாரு” என்றேன். “உன் மேல பட்டுச்சா?” என்று கேட்டாய். “இல்ல” என்றேன். “அப்புறம் என்னடி, கோபம் இருக்கிற எடத்துலதான் குணம் இருக்கும்” என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாய். அதற்குமேல் தண்ணீர் சத்தத்தில் எனக்குப் பேச வரவில்லை. நீ பார்த்து வைத்த மாப்பிள்ளை. உன்னைத் தோற்கடிக்க எனக்கு மனசு வரவில்லை.

உன் வீட்டுக்கு வர மாட்டேன். அவர் முதலில் தேடுகிற இடம் அதுதான். எங்கே இருக்கிறேன் என்றும் சொல்ல மாட்டேன். உனக்குத் தெரிந்தால் உன் முகமே காட்டிக்கொடுத்துவிடும். எழுத வேண்டுமென்றால் நர்ஸ் அம்மாவுக்கு அனுப்பு, இங்கே யாராவது வரும்போது கொடுத்தனுப்புவார்.

அத்தானை விசாரித்தேன் என்று சொல்.

வாலு

&nbsp;

ஆகஸ்ட் 24

என் வாலுக்கு,

நானும் அத்தானும் இருக்கிறோம். உன் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நீ எழுதியதைப் படித்தேன். அந்தப் பாத்திரம், அந்தக் குழாய், நான் சொன்ன பழமொழி, ஒன்றுமே எனக்கு ஞாபகம் இல்லை. எத்தனை தடவை யோசித்தாலும் வரவில்லை. நீ இத்தனை நாள் சுமந்துகொண்டிருந்த ஒன்று எனக்கு நினைவில்கூட இல்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டால் நீ உடனே “பரவால்ல” என்று எழுதிவிடுவாய். அதனால் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் ஸ்கேன் மெஷின் நின்றுவிட்டது. கம்பெனியிலிருந்து அவர்தான் வந்தார். தேய்த்த சட்டை, அதே மெதுவான குரல். எங்கள் பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு டீ கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் நேரே என் அறைக்கு வந்து, கர்ப்பிணிகள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எங்க இருக்கா?”

“தெரியாது.”

“ஊர்ல இருக்கிற எல்லாரையும் கேள்வி கேக்கறவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகம் எதையும் ஒளிக்காது என்று அவருக்கும் தெரியும். சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிஷம் போனது. வெளியே பெண்கள் வரிசையில் காத்திருந்தார்கள். தேடித் தேடிப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு குரல் உடைந்து, “பொறந்திருக்கும்ல? ஆணா பொண்ணான்னாவது சொல்லுங்க” என்றார். கண் கலங்கியிருந்தது. அது நிஜமா நடிப்பா என்று நான் எடை போடவில்லை. எனக்கு எடை போடத் தெரியாது.

“அதுவும் தெரியாது” என்றேன். சொல்லும்போதுதான் அது எனக்கே உறைத்தது. நான் ஆயிரம் பிள்ளைகளை இந்தக் கையால் வாங்கியிருக்கிறேன். என் தங்கைக்குப் பிறந்தது என்ன என்று எனக்குத் தெரியாது. அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். அதைப் பார்த்தபிறகுதான் அவர் நம்பினார். எழுந்து போய்விட்டார்.

கேட்க வேண்டுமென்று கை பரபரக்கிறது. நீ எப்படி இருக்கிறாய், என்ன பிள்ளை, என்ன எடை, பால் குடிக்கிறதா, எல்லாம். கேட்டால் நீ சொல்லிவிடுவாய், அந்த ஈரம் உனக்கு உண்டு. ஆகவே கேட்கவில்லை. அடுத்த மாதம் மெஷினைப் பார்க்க மறுபடியும் வருவாராம். வரட்டும். அன்றைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாமலே இருக்கட்டும்.

உன் அக்கா